ஒட்டுத்துணியின் ஓரம்

'ஒட்டு' என்னும் சொல்லுக்கு நம்மிடையே இருவேறு மதிப்பு உண்டு. மாமரத்தோடு சேர்ந்து வந்தால் அதற்குப் பெருமை. 'ஒட்டு மாம்பழம்' என்றவுடன் நாவூறுகிறது. துணியோடு சேர்ந்து வந்தாலோ சிறுமை. 'ஒட்டுப் போட்ட சட்டை' என்றவுடன் வறுமை கண்முன் வந்து நிற்கிறது. ஆயினும் துணியில் போடும் ஒட்டுகள் யாவும் கிழிசலை மறைப்பதற்காகப் போடுவன அல்ல. கிழியாத நல்ல துணியின்மேல், அழகு கருதி, வேறு நிறத் துணியில் பூவும் பறவையும் யானையும் வெட்டி வைத்துத் தைப்பதும் உண்டு. மேனாட்டார் இதனை 'அப்ளிக்' வேலை என்பர். நாம் ஒட்டுத்துணி வேலை என்றே வழங்கலாம். பிறந்த குழந்தைக்கென்று வீட்டில் கையால் தைக்கும் அடுக்குப் போர்வையின்மேல் இத்தகைய துணியுருவங்களைப் பொருத்தும் முறையைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் உங்களுக்கு இது ஏற்ற பொருள்தானா என்னும் ஐயம் எழலாம். நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில் தையல் வகுப்பு பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே என்று வைத்திருந்தார்கள். ஆண்பிள்ளைகளையும் அவ்வகுப்பில் அமரச் செய்தேன். பெற்றோர் சிலர் வந்து, "எங்கள் பையனுக்கு ஊசியும் நூலும் எதற்கு, ஐயா?" என்று கேட்டனர். "கடைத்தெருவில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்கள் யார் என்று போகிற வழியில் பார்த்துக்கொண்டு போங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அதற்குமேல் வாதம் தேவைப்படவில்லை. இந்த வேலையில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. கொஞ்சம் வரலாறு இருக்கிறது. தன் துன்பத்தை வாய்விட்டுச் சொல்ல இயலாத ஒரு சிற்றுயிரின் நலமும் இதனுள் அடங்கியிருக்கிறது.

தேர்த்திருவிழாவைக் கண்டவர்கள் ஒட்டுத்துணி வேலையை ஏற்கெனவே கண்டவர்களே. தேரின் நான்கு புறமும் நீண்ட உருளைகளாகத் தொங்கும் தொம்பைகளை நினைத்துப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமான துணிகளில் வெட்டியெடுத்த உருவங்களை அவற்றின்மேல் தைத்திருப்பார்கள். தஞ்சை, கும்பகோணம் வட்டாரங்களில் இத்தொழில் வல்லார் வாழ்கின்றனர். ஒடிசாவில், பூரிக்கு அண்மையிலுள்ள பிப்பிலி என்னும் ஊரும் இதற்குப் பெயர் பெற்றது. ஆனால் தொம்பையைக் காண்போர் கீழே நின்று அண்ணாந்து பார்க்கின்றனர். யாரும் அதனைக் கையால் பிடித்து இழுப்பதில்லை. வாயில் வைத்துச் சுவைப்பதில்லை. வாரந்தோறும் சோப்பு நீரில் அலசுவதுமில்லை. குழந்தையின் போர்வைக்கு இவை மூன்றும் நாள்தோறும் நேர்வன. ஆகவே தொம்பைக்குப் போதுமான தையல் இதற்குப் போதாது. உருவம் அழகாக இருக்கிறதா என்பதைக் கண் ஒரு நொடியில் அறிந்துவிடும். அது நிலைத்திருக்குமா என்பதை அதன் ஓரமே முடிவு செய்கிறது. துணி நெய்யப்பட்டபோது பாவும் ஊடையும் ஒன்றையொன்று பற்றி நின்றன. கத்தரிக்கோல் பட்ட இடத்தில் அந்தப் பிடி அறுந்துவிடுகிறது. அறுந்த இழைகளை மடித்து உள்ளே மறைத்து, மடிப்பை அடித்துணியோடு பிணைப்பதே இவ்வேலையின் சாரம்.

இதனை நூல்களைப் படிக்காமலேயே நன்குணர்ந்தவர்கள் நம் அண்டை மாநிலத்தில் இருக்கிறார்கள். கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்துக் காட்டுப் பகுதிகளில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டுகோடு முதலிய ஊர்களைச் சுற்றிச் சித்தி என்னும் மக்கள் வாழ்கின்றனர். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் அவர்களுள் உண்டு. 2003-ஆம் ஆண்டில் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய பெண்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர்.

கவந்தி தைக்கும் முறை வியப்புக்குரியது. பழஞ்சேலை ஒன்றை அடியில் விரிக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, உடுத்திக் களைந்த துணிகளின் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓரம் மடித்து வைத்து, தடித்த நூலால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே விளிம்பைச் சுற்றி வருகிறார்கள். ஒரு சுற்று முடிந்ததும் அதற்கு உட்புறமாக அடுத்த சுற்று. அதற்கும் உட்புறமாக இன்னொன்று. இவ்வாறு சுற்றிச் சுற்றி நடுவை அடையும்போது போர்வை நிறைவெய்துகிறது. முன்கூட்டி வரைந்த படம் எதுவும் கிடையாது. ஒட்டுகளைப் பொருத்துவதும் அடுக்குகளைப் பிணைப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடுகின்றன. இறுதியில் நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துண்டுகளைச் சேர்க்கிறார்கள். இவற்றைப் 'பூ' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். இப்பூக்கள் இல்லாத கவந்தியை நிறைவு பெற்றதாக அவர்கள் கருதுவதில்லை. கிறித்தவப் பெண்கள் சிலுவை வடிவத்தையும், முஸ்லிம் பெண்கள் பிறை வடிவத்தையும் சில போர்வைகளில் வைத்துத் தைப்பதுண்டு. குழந்தைகளுக்கென்று சிறிய கவந்திகளும் தைக்கிறார்கள். ஒவ்வொரு துண்டின்மீதும் வரிசை வரிசையாகத் தையல் ஓடுவதால், ஓரம் ஓரிடத்தில் விட்டாலும் துண்டு முழுவதும் கழன்று விழ இடமில்லை. வங்காளத்தில் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைக்கும் 'காந்தா' போர்வையும் இதற்கு உறவுடையதே. நம் 'கந்தை' என்னும் சொல்லும் அந்தக் 'காந்தா'வும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. ஒரு மொழி முகம் சுளித்துச் சொல்லும் சொல்லை மற்றொரு மொழி பெருமையோடு சொல்லுகிறது!

சித்திப் பெண்கள் இருப்பதைக் கொண்டு செய்தார்கள். கிடைத்தற்கரிய துணியைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்காகவும் இதே வேலை வளர்ந்த இடங்கள் உண்டு. அவ்வரலாற்றில் நம் சோழமண்டலக் கடற்கரைக்கும் பங்கு இருக்கிறது. பழவேற்காடு, மசூலிப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து பூவேலைப்பாடுடைய சீட்டித் துணிகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றன. படிகாரத்தைக் கொண்டு நிறத்தை இழையோடு பிணைத்து, சாயவேரின் சிவப்பையும் அவுரியின் நீலத்தையும் ஏற்றிய துணிகள் அவை. துவைக்கத் துவைக்க நிறம் மங்காமல் இருந்தமையே மேனாட்டாரைப் பெரிதும் கவர்ந்தது. தங்கள் நாட்டு நெசவுத்தொழில் நலியுமென்று அஞ்சிய அரசுகள் தடை விதித்தன. பிரான்சில் 1686 முதல் 1759 வரை தடை நீடித்தது. இங்கிலாந்தில் 1700-ஆம் ஆண்டில் ஒரு சட்டமும் 1721-ஆம் ஆண்டில் அதனினும் கடுமையான மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன; இரண்டாவது சட்டம் 1774 வரை நடைமுறையில் இருந்தது. விலையுயர்ந்த சீட்டியில் ஒரு சிறு துண்டையும் வீணாக்க மனமில்லாத பெண்கள், அதிலுள்ள பூக்களையும் பறவைகளையும் கிளைகளையும் தனித்தனியே கத்தரித்தெடுத்து, வெறும் வெள்ளைத் துணியின்மேல் பரவலாக வைத்து, ஓரம் தைத்துப் போர்வை செய்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்போர்வைகள் பெருவழக்காயின. பிற்காலத்தில் இதற்குப் 'பாரசீகப் பூவேலை' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் வாய்த்தது. துணியோ இந்தியத் துணி, தைத்ததோ ஆங்கிலப் பெண், பெயர் மட்டும் பாரசீகத்துக்குப் போய்விட்டது!

இனி, செய்முறைக்கு வருவோம். உருவம் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவதே தெளிவாக இருக்கும். ஒரு காம்பு, இரண்டு இலை, ஒரு மாங்கனி. ஒட்டுத்துணி வேலையில் வரக்கூடிய சிக்கல்கள் யாவும் இந்த எளிய படத்தில் அடங்கிவிடுகின்றன. கனியின் முதுகு வெளிநோக்கி வளைந்த கோடு. மூக்கின் அருகே உள்நோக்கி வளைந்த கோடு. இலையின் நுனி கூர்முனை.

முதலில் துணி. பருத்தித் துணியே வேண்டும். பாப்ளின், மல், நன்கு நெருங்க நெய்த கைத்தறித் துணி ஆகியவை ஏற்றவை. புதுத்துணியை அப்படியே வெட்டுவது ஆகாது. அடித்துணியும் ஒட்டுத்துணியும் முதல் சலவையில் வெவ்வேறு அளவில் சுருங்கும். சுருங்கினால் கனியைச் சுற்றிச் சுருக்கம் விழும். ஆதலால் இரண்டையும் தனித்தனியே நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பின்னரே அளக்க வேண்டும். சாயம் போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஈரத்துணியை ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் கறை படிந்தால், இன்னும் இரண்டு முறை அலசிப் பாருங்கள். பிறகும் படிந்தால் அத்துணியைத் தள்ளிவிடுங்கள். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்று வீடுகளில் கூறுவதுண்டு. சாயமேற்றிக் கடையில் விற்ற துணிக்கு அதனால் விளையும் பயன் மிகக் குறைவு. குழந்தை வாயில் வைக்கும் துணி இது. ஐயத்துக்கு இடந்தரும் துணியைச் சிக்கனம் கருதி ஏற்பது தகாது.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பிறந்த குழந்தையின் கண்ணுக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள பொருளே ஓரளவு தெளிவாகத் தெரியும். தாய்மடியில் கிடக்கும்போது தாயின் முகம் இருக்கும் தொலைவு அது. வெளிறிய இளஞ்சிவப்பின் மேல் வெளிறிய மஞ்சளை வைத்தால் வாங்கிக் கொடுத்த பெரியோர் மகிழ்வர். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளையின்மேல் அடர்ந்த நிறமாகப் பெரிய உருவங்கள் சிலவற்றை வைப்பதே அதன் பார்வைக்கு உகந்தது.

அஞ்சலட்டை போன்ற கெட்டித் தாளில் கனி, இலை, காம்பு ஆகியவற்றை மடிப்பு விடாமல் சரியான அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் துணியின் மேற்புறத்தில் வைத்துப் பென்சிலால் மெல்லியதாகச் சுற்றி வரையுங்கள். கோட்டுக்கு வெளியே காலங்குலம் விட்டு வெட்டுங்கள். இலையை வரையும்போது அதன் நடு நரம்பு இழைக்கு மூலைவாட்டாக அமையட்டும். அப்போது இருபுற வளைவுகளும் பெரும்பாலும் மூலைவாட்டாக அமையும். மூலைவாட்டாக வெட்டிய ஓரம் இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். நூல் பிரிவதும் குறைவு.

இப்போது ஓரத்தின் கணக்கைப் பார்ப்போம். கனியின் முதுகை 2 அங்குல ஆரமுள்ள வட்டமாக எண்ணிக்கொள்ளுங்கள். காலங்குலம் விட்டு வெட்டியதால், வெட்டிய ஓரத்தின் ஆரம் 2.25 அங்குலம். முழு வட்டமாயின் அதன் சுற்றளவு ஏறக்குறைய 14.1 அங்குலம். அதனை மடித்து உள்ளே தள்ளினால், அதே ஓரம் 1.75 அங்குல ஆரமுள்ள வட்டத்தில் போய்க் கிடக்க வேண்டும். அவ்வட்டத்தின் சுற்றளவோ 11 அங்குலம்தான். 14.1 அங்குல நீளமுள்ள துணி 11 அங்குல இடத்தில் எப்படி அடங்கும்? மிகுதியாகும் 3.1 அங்குலமே மடிப்பு மடிப்பாகத் திரண்டு, வட்டத்தை வட்டமாக இருக்கவொட்டாமல் கோணலாக்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 4 அங்குல ஆரமுள்ள பெரிய வட்டத்துக்கும் இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். மிகுதி அதே 3.1 அங்குலமே. அரையங்குல ஆரமுள்ள சிறு வட்டத்துக்கும் அதுவே. வட்டம் எதுவாயினும், காலங்குல மடிப்புக்கு மிகுதியாவது சரியாகப் 'பை' அங்குலம். பெரிய வட்டத்தில் அம்மிகுதி 26.7 அங்குல ஓரத்தில் பரவிக் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடுகிறது. சிறு வட்டத்திலோ 4.7 அங்குல ஓரம் 1.6 அங்குல இடத்துக்குள் நெருக்குண்ண வேண்டியிருக்கிறது. பொட்டளவு வட்டத்தைத் தைப்பது யானையைத் தைப்பதைவிடக் கடினமாக இருப்பதன் காரணம் இதுவே. மடிப்பை அரைக்கால் அங்குலமாகக் குறைத்தால் மிகுதி பாதியாகக் குறைந்துவிடும். ஆதலால் சிறு உருவங்களுக்குக் குறுகிய மடிப்பு வேண்டும். அதனினும் குறைத்தால் நூல் பிரிந்து ஓரம் வெளியே வந்துவிடும். சிறு வட்டங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மடிப்பின் நடுவே ஒரு நூலை ஓட்டி, உள்ளே அட்டை வட்டத்தை வைத்து, நூலை இழுத்துச் சுருக்கி, சிறிது கஞ்சி நீர் தடவி இஸ்திரி போட்டு, பின் அட்டையை எடுத்துவிடலாம். துணி அவ்வடிவத்திலேயே நிற்கும்.

உள்நோக்கி வளைந்த இடத்தில் கணக்கு தலைகீழாகிறது. அங்கே மடிப்பு விரிய வேண்டும். துணி போதாமல் இழுக்கும். ஆகவே கத்தரியின் நுனியால், பென்சில் கோட்டுக்கு ஓரிழை இரண்டிழை தொலைவு வரை சிறு வெட்டுகள் கொடுக்க வேண்டும். கனியின் மூக்கருகே இத்தகைய வெட்டுகள் மூன்று நான்கு போதும். முதுகிலும் வெட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே அது தேவையன்று. தேவையற்ற ஒவ்வொரு வெட்டும் பின்னால் நூல் பிரியும் ஒரு வாயில்.

பொருத்தும் வரிசை கீழிருந்து மேலாக அமைய வேண்டும். முதலில் காம்பு, பின் இலைகள், இறுதியில் கனி. காம்பின் நுனி கனியின் அடியில் மறைவதால் அங்கே மடிக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு துண்டையும் அடித்துணியில் தற்காலிக ஓட்டுத் தையலால் நிறுத்திக்கொள்ளுங்கள். குண்டூசியை விட அது நன்று என்பதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஊசி மெல்லியதாக இருக்கட்டும். 9 அல்லது 10-ஆம் எண் ஊசி ஏற்றது. ஊசிகளில் எண் கூடக்கூடப் பருமன் குறையும் என்பதை அறியாமல் கடையில் மயங்குவோர் பலர். நூலின் நிறம் ஒட்டுத்துணியின் நிறத்தோடு ஒத்திருக்க வேண்டும், அடித்துணியோடு அன்று. நூலின் நீளம் ஒரு முழம். அதற்குமேல் கோத்தால் துணிக்குள் பலமுறை நுழைந்து நுழைந்து நூல் தேய்ந்துவிடும், சிக்கும் விழும். விரைவில் முடிக்க விரும்பி நீள நூல் கோப்பவர் சிக்கெடுப்பதில் அந்நேரத்தைச் செலவிடுவதை எத்தனையோ வகுப்புகளில் கண்டிருக்கிறேன்.

முடிச்சை மடிப்புக்குள் மறைத்துத் தொடங்குங்கள். ஊசியின் நுனியாலேயே ஓரத்தைக் கோடு வரையில் உள்ளே தள்ளி, இடக்கைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளுங்கள். ஒரே முறையில் அரையங்குலத்துக்கு மேல் மடிக்க வேண்டா. ஊசி அடித்துணியின் கீழிருந்து மேலே வந்து, மடிப்பின் விளிம்பில் ஓரிரண்டு இழைகளை மட்டும் பற்ற வேண்டும். பற்றியபின், விளிம்பை ஒட்டியவாறே அடித்துணிக்குள் இறங்க வேண்டும். கீழே அரைக்கால் அங்குலம் முன்னேறி மறுபடி மேலே வர வேண்டும். இதனை மறைவுத் தையல் என்பர். நன்றாகப் போட்டால் மேலே சிறு புள்ளியும் தெரியாது. நூலை இறுக்கி இழுத்தால் ஓரம் அலையலையாகும். தளர விட்டால் தையல் எழும்பி நிற்கும். துணி தட்டையாகக் கிடக்கும் அளவுக்கு இழுத்தால் போதும். உள்வளைவில் வெட்டுக் கொடுத்த இடத்தில் மட்டும் தையல்களை மிக நெருக்கமாகப் போடுங்கள். அங்கே மடிப்பே இல்லாத அளவுக்குத் துணி குறைவு. இலையின் கூர்முனையில், ஒரு புறத்தை நுனி வரை தைத்து, நுனியில் ஒரு தையல் அதிகம் போட்டு, அடியில் மிகுந்த துணியைச் சிறிது கத்தரித்து, பின் மறுபுறத்தை மடித்துத் தொடருங்கள்.

இந்நாளில் இஸ்திரிப் பெட்டியின் சூட்டால் ஒட்டிக்கொள்ளும் பசைத்தாள் கடைகளில் கிடைக்கிறது. அதனை வைத்து ஒட்டினால் ஓரத்தை மடிக்க வேண்டியதில்லை. வேலை விரைவில் முடியும். சுவரில் தொங்கவிடும் படத்துக்கு அது போதும். அடிக்கடி துவைக்கும் போர்வையில் பசை மட்டும் நில்லாது. ஓரம் முழுவதும் இயந்திரத்தின் குறுக்குமறுக்குத் தையலால் நெருக்கமாக அடைத்தாக வேண்டும். துணியும் விறைப்பாகிவிடும். குழந்தையின் கன்னம் படும் இடத்தில் விறைப்பை நான் விரும்புவதில்லை. சாதாரணத் தையல் இயந்திரம் உள்ள வீட்டில், ஓரத்தை முறைப்படி மடித்து, விளிம்பை ஒட்டி நேர்த்தையல் போடுவது உறுதியானதே. கைத்தையலின் அழகு இராது, அவ்வளவே.

ஒட்டுகளைத் தைத்து முடித்த பின்னரே போர்வையின் அடுக்குகளைச் சேர்க்க வேண்டும். இவ்வரிசையை மாற்றலாகாது. காரணம் சொல்கிறேன். கைக்குழந்தையின் கால்விரலில் ஒரு நூலோ தலைமயிரோ வளையமாகச் சுற்றிக்கொண்டு, விரல் வீங்கி, இரத்த ஓட்டம் தடைப்படும் நிலையை மருத்துவர்கள் நன்கறிவார்கள். குழந்தை காரணமின்றி அழுவதாகவே வீட்டார் எண்ணுவர். ஒட்டுத் தையலின் அடிப்புறத்தில் நூல்கள் ஓடுகின்றன, முடிச்சுகள் இருக்கின்றன. முதலில் ஒட்டைத் தைத்துவிட்டுப் பின்னர் அடுக்குகளைச் சேர்த்தால், அந்த நூல்கள் யாவும் இரு துணிகளுக்கிடையே அடைபட்டுவிடும். குழந்தையின் விரல் அவற்றைத் தொடவே முடியாது. முடிந்த போர்வையின்மேல் பின்னர் ஓர் உருவத்தைச் சேர்க்க நேர்ந்தால், மேலடுக்கை மட்டும் பற்றித் தையுங்கள். நூலை முடிக்கும்போது ஊசியை அடுக்குகளுக்கிடையே ஓரங்குலம் செலுத்தி வெளியே எடுத்து, துணியை ஒட்டி நறுக்குங்கள். நுனி உள்ளே மறைந்துவிடும்.

நடுவடுக்குக்கு இலவம்பஞ்சு வேண்டா. தலையணைக்கு அது சிறந்தது. துவைத்தால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். நம் நாட்டு வெப்பத்துக்குப் பழகிய பழைய பருத்தி வேட்டியை ஒன்றிரண்டாக மடித்து வைத்தாலே போதுமான மென்மை கிடைக்கும். மூன்றடுக்கையும் சேர்த்து, கனியையும் இலைகளையும் சுற்றி அவற்றின் வடிவத்திலேயே ஓட்டுத் தையல் ஓட்டினால், ஒட்டு சற்றே புடைத்து அழகாகத் தோன்றும்.

கண்ணுக்குப் பொத்தான், மூக்குக்கு மணி, ஓரத்துக்குச் சரிகை, நடுவில் கண்ணாடிச் சில்லு என்று அலங்கரிக்க ஆசை எழும். அறவே கூடாது. கழன்ற பொத்தான் குழந்தையின் தொண்டைக்குள் போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கண் வேண்டுமாயின் நூலாலேயே தைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். போர்வை என்று நாம் அழைத்தாலும், முதல் ஓராண்டு நிறையாத குழந்தை உறங்கும்போது அதன்மேல் இதனைப் போர்த்தலாகாது. உறங்குமிடத்தில் தளர்வாக வைப்பதும் ஆகாது. மென்மையான துணி முகத்தை மூடி மூச்சைத் தடுக்கக்கூடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரைகளும் குழந்தையைத் தளர்ந்த துணிகள் ஏதுமில்லாத, சமமான, உறுதியான பரப்பில் மல்லாந்து படுக்கவைக்குமாறே கூறுகின்றன. அவ்வாறாயின் இந்தப் போர்வை எதற்கு? குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் அருகிலிருக்க, தரையில் விரித்து அதன்மேல் விடுவதற்கு. குப்புறக் கவிழ்ந்து தலை தூக்கிப் பழகும் நாளில், அதன் கண்ணெதிரே சாண் தொலைவில் இருப்பது நீங்கள் தைத்த மாங்கனிதான். தவழத் தொடங்கியபின் அக்கனியின் ஓரத்தை விரலால் சுரண்டிச் சுரண்டிப் பார்க்கும். பல் முளைக்கும் காலத்தில் அதையே வாயில் வைத்துக் கடிக்கும். தையலின் தரத்தை இவ்வளவு கடுமையாகச் சோதிக்கும் தேர்வாளரை எந்தப் பல்கலைக்கழகத்திலும் நான் கண்டதில்லை.

என் பேர்த்திக்கு இத்தகைய போர்வை ஒன்றை என் மனைவியும் நானும் தைத்தோம். ஊசிக்கணக்கு எழுதும் பொறுப்பு எனக்கு. ஒரு சிறு தாளில், தொடங்கும்போது எத்தனை ஊசி, எத்தனை குண்டூசி என்று குறித்துக்கொண்டு, நாள்தோறும் வேலையை மடித்து வைக்கும்போது எண்ணிப் பார்ப்பேன். "பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு இன்னும் உங்களை விடவில்லை" என்று அவள் நகைப்பாள். ஒரு நாள் குண்டூசி ஒன்று குறைந்தது. விளக்கடியில் இருவரும் தேடித் தேடிக் கண்டது எங்கே தெரியுமா? இலைக்கு அடியில், மடிப்புக்குள். குண்டூசியை விடத் தற்காலிகத் தையல் நன்று என்று முன்னர்க் கூறியதன் காரணம் இதுவே. பிரிக்க மறந்த தற்காலிகத் தையலால் குழந்தைக்குக் காயம் உண்டாகாது. கண்ணுக்கும் எளிதில் தெரியும்.

வேலை முழுதும் முடிந்தபின் போர்வையை ஒருமுறை துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். ஒரு காந்தத்துண்டை அதன் இருபுறமும் மெல்லத் தடவிப் பாருங்கள். பின்னர் உள்ளங்கையால் ஒவ்வொரு சாணாக அழுத்தித் தடவுங்கள். குழந்தையுள்ள வீட்டுக்குக் கொடுக்கும்போது தாயிடம் ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் ஒட்டுகளின் ஓரத்தில் சுண்டுவிரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கேனும் விரல்நுனி உள்ளே நுழைந்தால் போர்வையை அன்றே எடுத்து வைத்து, அவ்விடத்தைத் தைத்துவிட வேண்டும். நான்கைந்து தையலுக்கு ஒரு சாண் நூல் போதும்.